ஊர்க் கபடியின் பத்தாண்டு வரலாற்றை எழுதுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதியில் ஆறு ஊர்கள் சேர்ந்து 2015 தைப் பொங்கலில் ஒரு கபடி லீக்கைத் தொடங்கினோம். இப்போது பத்து ஊர்கள் ஆடுகின்றன. 2021இலும் 2022இலும் நடத்த முடியவில்லை. இந்தத் தையோடு பத்து லீக்குகள் முடிந்துவிட்டதால் சிறப்பு மலர் ஒன்று வெளியிட இருக்கிறோம். வென்ற அணிகளின் பட்டியலும் சில படங்களும் கையில் உள்ளன. வேறு என்ன எழுத வேண்டும்? இதைப் பத்தாம் ஆண்டு மலர் என்பதா, பன்னிரண்டாம் ஆண்டு மலர் என்பதா?
– வாசகர், மேலூர் வட்டம்

பதில்: எளிதான கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். 2015 முதல் 2026 வரை பன்னிரண்டு தைப் பொங்கல்கள் வந்துபோயின. அவற்றில் நீங்கள் ஆடியவை பத்து. எனவே அட்டையில் ‘பத்தாவது லீக் நிறைவு மலர்’ என்று அச்சிடுங்கள். ஆனால் உள்ளே ஆண்டு வரிசையில் எழுதும்போது 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள். அவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் கொடுங்கள்.

அந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு நிறையவே இருக்கிறது. 2020 பொங்கல் ஆட்டம் வழக்கம்போல் நடந்திருக்கும். அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. 2022 சனவரியில் இரவு ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் நடப்பில் இருந்ததால், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டே 16ஆம் தேதி ஞாயிறு நடக்காமல் மறுநாள் 17ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் புரோ கபடிக்கும் 2020இல் சீசனே இல்லை. 2021 டிசம்பரில் பெங்களூரில் ஒரே அரங்கில், பார்வையாளர் எவரும் இல்லாமல் அதை நடத்தினார்கள். உங்கள் லீக்கில் இந்த இடைவெளியின் விளைவைத் தெரிந்துகொள்ள 2020 அணிப் பட்டியலையும் 2023 அணிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதினாறு வயதில் வெளியே உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்த பையன் பத்தொன்பது வயதில் நேரடியாக முதல் ஏழு பேரில் வந்திருப்பான்; அல்லது கபடியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருப்பான். முப்பதைத் தாண்டிய மூத்த ஆட்டக்காரர்களில் பலர் தங்கள் கடைசி ஆட்டம் அதுதான் என்று தெரியாமலே 2020இல் களத்தை விட்டு வந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை அந்த இரண்டு பக்கங்களில் எழுத வேண்டும். இதுவரை அவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தி வழியனுப்பக்கூட யாருக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். வென்றவர் பட்டியல் அவசியந்தான், ஆனால் அது வரலாற்றின் மிகச் சிறிய பகுதி. ஆறு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் 15 ஆட்டங்கள். பத்து அணிகளானால் 45. அணிகள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆட்டங்கள் மூன்று மடங்காகிவிட்டன. இரண்டு இரவுகளில் முடிந்திருக்கக்கூடிய லீக்கை எத்தனை இரவுகளுக்கு நீட்டினீர்கள், அல்லது இரண்டு குழுக்களாகப் பிரித்தீர்களா, அப்படிப் பிரித்தபோது எந்த ஊர் எந்த ஊரோடு மோதாமல் போனது, அதனால் மனக்குறை எழுந்ததா என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். முறையாக நடத்தினால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு தலைமை நடுவர், இரண்டு கள நடுவர்கள், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர்கள் என ஆறு பேர் தேவை. 45 ஆட்டங்களுக்கும் அவர்களை எங்கிருந்து கூட்டி வந்தீர்கள்? அவர்களுக்குச் சோறு எந்த வீட்டில் ஆனது? விளக்கும் மைக் செட்டும் யார் பொறுப்பு? களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் யார்? கோப்பையைத் தூக்கியவரின் படம் எல்லோரிடமும் இருக்கும். கோடு போட்டவரின் படம் ஒருவரிடமும் இருக்காது. அவரை உட்காரவைத்துப் பேசச் செய்தாலே மலரில் பாதி எழுதி முடிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடங்கிய ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். புரோ கபடி முதல் சீசன் 2014 சூலை 26 அன்று தொடங்கி ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. அதில் வென்ற ஜெய்ப்பூர் அணியின் பயிற்சியாளர் தமிழ்நாட்டின் கே. பாஸ்கரன். அதற்கு அடுத்து வந்த முதல் பொங்கலில் உங்கள் லீக் பிறந்திருக்கிறது. இது தற்செயலா, அந்த ஆகஸ்டில் டீக்கடைத் தொலைக்காட்சியின் முன்னால் நின்று ஆட்டம் பார்த்தவர்கள் போட்ட திட்டமா என்பதை அந்த முதல் கூட்டத்தில் இருந்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

உங்கள் பகுதி பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பிய ஒருபோக நிலம். கால்வாயில் தண்ணீர் எப்போது திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து நடவும் அறுவடையும் முன்பின்னாகும். அறுவடையைப் பொறுத்து ஆள் கிடைப்பதும் களம் கிடைப்பதும் முன்பின்னாகும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 2016 நவம்பர் 8 அன்று ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானது. அடுத்த சில வாரங்களில் வீடுவீடாக நன்கொடை திரட்டப் போனவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது உங்கள் நன்கொடை நோட்டில் அப்படியே பதிவாகியிருக்கும். அந்தப் பொங்கலையொட்டித்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டமும் அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் மூண்டது. 2025 பொங்கலின்போதோ டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக மேலூர்ப் பகுதி முழுவதுமே எழுந்து நின்றிருந்தது; சனவரி 7 அன்று மதுரை வரை நடந்த பேரணியில் உங்கள் ஆட்டக்காரர்களும் இருந்திருப்பார்கள். இவற்றில் எந்தெந்த நிகழ்வு உங்கள் லீக்கைத் தொட்டது, எது தொடவில்லை என்று கேட்டறிந்து எழுதுங்கள். தொடாதவற்றை மலருக்குள் இழுத்துவர வேண்டியதில்லை.

கேள்வி: பழைய துண்டறிக்கைகள் ஒரு கட்டு கிடைத்திருக்கின்றன. பலவற்றில் மாதமும் தேதியும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. எது எந்த ஆண்டுக்குரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கொட்டாம்பட்டி

பதில்: கபடித் துண்டறிக்கையைப் போல ஊர் வரலாற்றுக்கு உதவும் தாள் வேறு இல்லை. மேலே குலதெய்வத்தின் பெயரோடு ‘துணை’, அதன்கீழ் ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’, முதல் பரிசு, இரண்டாம் பரிசு ஒவ்வொன்றுக்கும் அதைக் கொடுப்பவரின் பெயர், சுழற்கோப்பை யார் நினைவாக என்ற குறிப்பு, நுழைவுக் கட்டணம், எடை வரம்பு, ‘ஆதார் அட்டை அசல் கொண்டுவரவும்’, கடைசியில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. இத்தனையும் எழுதியவர்களுக்கு ஆண்டைப் போடத் தோன்றாததற்குக் காரணம், அந்தத் தாள் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது என்று அவர்கள் எண்ணியதுதான்.

முதலில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் விழாவோடு சேர்ந்த அறிக்கைகளில் பெரும்பாலும் இருக்கும். மன்மத ஆண்டு 2015 சித்திரையில் தொடங்கியது. அதையடுத்து துர்முகி, ஹேவிளம்பி, விளம்பி, விகாரி, சார்வரி, பிலவ, சுபகிருது, சோபகிருது, குரோதி, விசுவாவசு என்று ஆண்டுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டு வந்தால் விசுவாவசு 2025 சித்திரையில் தொடங்கும். இதில் பலர் இடறுகிற இடம் தை மாதம். துர்முகி 2016இல் தொடங்கியது என்பதால் ‘துர்முகி தை’ என்பதை 2016 என்று எழுதிவிடுகிறார்கள். அது 2017 சனவரி, பிப்ரவரி ஆகும். தை, மாசி, பங்குனி ஆகிய மூன்று மாதங்களும் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பங்குனியில் கடைசி இரண்டு வாரங்கள் ஏப்ரலில் விழும்.

ஆண்டின் பெயர் இல்லாவிட்டால் கிழமை உதவும். சனவரி 15 ஞாயிற்றுக்கிழமை என்று ஓர் அறிக்கையில் இருந்தால், 2015 முதல் 2026 வரையான காலத்துக்குள் அது 2017 அல்லது 2023 மட்டுமே. இரண்டில் எது என்பதை மற்றக் குறிப்புகள் சொல்லிவிடும். பரிசளிக்க அழைக்கப்பட்ட ஊராட்சி மன்றத் தலைவர் யார், மண்ணில் அல்லாமல் ‘மேட்’ என்னும் விரிப்பில் ஆட்டம் என்று இருக்கிறதா, நன்கொடையை அலைபேசி வழியாக அனுப்பக் கட்டமிட்ட குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2017 சனவரியில் ஒரு கிராமத்துத் துண்டறிக்கையில் அந்தக் குறியீடு இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவ்வாறு கணித்து எழுதும் ஆண்டை மலரில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். தாளிலேயே இருக்கும் ஆண்டை அடைப்பு இல்லாமல் போடுங்கள். பின்னால் வேறொரு சான்று கிடைத்துத் திருத்துபவர்களுக்கு எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதனால் தெரியும்.

ஆட்டத்தின் ஸ்கோர் தாள் ஒன்றாவது கிடைத்தால் அதைப் பொன்போல் காப்பாற்றுங்கள். இரு அணிக்கும் எண்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். புள்ளி விழ விழ ஸ்கோரர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார். எந்த நேரத்தில் லோனா (எதிரணி முழுவதும் அவுட்டாகும்போது கிடைக்கும் கூடுதல் புள்ளி) விழுந்தது, எந்த நேரத்தில் டைம் அவுட் கேட்டார்கள், யாரை இறக்கி யாரை ஏற்றினார்கள் என்பதை அந்தத் தாளைக் கொண்டு இன்றைக்கும் சொல்லிவிடலாம். ‘விறுவிறுப்பான இறுதி ஆட்டம்’ என்று மலரில் எழுதுவதைக் காட்டிலும், இடைவேளையின்போது ஒன்பது புள்ளி பின்தங்கிய அணி இரண்டு லோனா எடுத்து எழுந்தது என்று எழுதினால் படிப்பவருக்கு ஆட்டம் கண்முன் வரும். அப்படி எழுதத் தாள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: மண்ணில் ஆடிய கபடி வேறு, மேட்டில் ஆடும் கபடி வேறு என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். மாறியது தரை மட்டும்தானா? மேலும், பத்து ஆண்டுப் புள்ளிகளையும் கூட்டி எந்த ஊர் முதலிடம் என்று ஓர் அட்டவணை போட விரும்புகிறோம். அது சரியாக இருக்குமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இரண்டு கேள்விக்கும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டம் மாறியதால்தான் கூட்டல் தவறாகிறது.

களத்தின் அளவு மாறவில்லை. ஆண்களுக்கு நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடி வருபவர் தாண்டியே ஆக வேண்டிய பால்க் கோடு, அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. மண்ணில் இதைச் சுண்ணாம்பால் போடுவார்கள்; நான்கைந்து ஆட்டத்தில் கால்பட்டுக் கோடு கலைந்துவிடும், போனஸ் கோட்டைத் தாண்டினானா இல்லையா என்ற வாய்ச்சண்டை அங்கேதான் பிறக்கும். மேட் ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாக வருகிறது. களத்துக்கு மட்டுமே 130 துண்டுகள் வேண்டும், ஓரங்களுக்குத் தனி. கோடு மேட்டிலேயே இருப்பதால் அந்தச் சண்டை பெருமளவு குறைந்தது. ஆனால் மேட்டை வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் வண்டியில் ஏற்றி வரவும் ஆகும் செலவு நுழைவுக் கட்டணத்தில் ஏறியது. சிறிய ஊர்கள் சில அதனாலேயே விலகின. எந்த ஊர் எந்த ஆண்டில் விலகியது என்பதை மேட் வந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே புலப்படும்.

உடம்பு சார்ந்த மாற்றம் இன்னும் பெரியது. மண் சறுக்கும், அதனால் பிடிப்பவர் காலை ஊன்றிக் காத்திருந்து, பாடி வருபவர் திரும்பும் நொடியில் கணுக்காலைப் பிடிப்பார். மேட்டில் காலணி பற்றிக்கொள்கிறது. பாடி வருபவர் முழு வேகத்தில் நின்று திரும்ப முடிகிறது, பிடிப்பவர் துணிந்து பாய முடிகிறது. சிராய்ப்பு குறைந்தது, முழங்கால் திருகிக்கொள்வது கூடியது என்பதை மூத்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மண்ணில் வளர்ந்தவர்கள் மேட்டுக்கு ஆகமாட்டார்கள் என்பது சரியன்று. 1994 ஹிரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்து மண்ணிலிருந்து வந்தவர். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்தபின் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். கார்னரில் நின்று காலைப் பிடிக்கும் அவருடைய பொறுமை மண்ணில் கற்றுக்கொண்டதுதான்.

விதிகளும் மாறின. முன்பெல்லாம் மூச்சு உள்ளவரை பாட்டு. இப்போது 30 விநாடி. புரோ கபடி வந்தபின், இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற விதியும், மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி என்ற ‘சூப்பர் டேக்கிள்’ விதியும் ஊர்களுக்குப் பரவின. 2017இல் தமிழ் தலைவாஸ் அணி வந்து, தமிழ் வர்ணனையும் வந்தபின், மைக்கில் பேசும் நம் ஊர்ப் பிள்ளைகள்கூட ‘சூப்பர் டேக்கிள்’ என்று உரக்கக் கூவத் தொடங்கினார்கள். எனவே 2015இல் ஓர் ஆட்டத்தில் விழுந்த புள்ளிகளையும் 2024இல் விழுந்த புள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டுவது நேர்மையாகாது.

லீக் அட்டவணைப் புள்ளியும் இப்படித்தான். புரோ கபடியில் பல சீசன்களுக்கு வெற்றிக்கு 5, சமனுக்கு 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1 என்று கொடுத்தார்கள். 2025இல் வெற்றிக்கு 2 என்று எளிமையாக்கி, சமனான ஆட்டத்துக்கும் முடிவு காணும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து ஊர் லீக்குகளும் மாற்றிக்கொண்டிருக்கும். ஆகவே புள்ளிகளைக் கூட்டாதீர்கள். ஒவ்வோர் ஊரும் ஆடிய ஆட்டம், வென்றது, தோற்றது, சமன் ஆகிய நான்கை மட்டும் ஆண்டுவாரியாக எழுதிக் கூட்டுங்கள். எந்த ஆண்டில் எந்தப் புள்ளிமுறை இருந்தது என்பதை அட்டவணையின் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இடையில் சேர்ந்த ஊர்களும் விலகிய ஊர்களும் இருப்பதால், யார் முதலிடம் என்ற கேள்விக்கு வென்ற எண்ணிக்கையைக் காட்டிலும் நூற்றுக்கு எத்தனை வென்றார்கள் என்ற கணக்கே நியாயமான விடை தரும்.

கேள்வி: எங்கள் ஊரில் நான்கு ஆண்டுகளாகப் பெண்கள் கபடியும் நடக்கிறது. மலருக்கான குழுவில் கேட்டபோது, ‘அது காட்சிப் போட்டிதானே’ என்று சொல்லி விட்டுவிட்டார்கள். நான் அந்த ஆட்டங்களில் ஆடியவள். என்ன செய்யலாம்?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: சகோதரி, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். பட்டியலில் இடம் பெறாத ஆட்டம் இருபது ஆண்டு கழித்து நடக்காத ஆட்டமாகிவிடும். காட்சிப் போட்டி என்று அவர்கள் சொல்லட்டும். நடுவர் ஊதினாரா, புள்ளி எழுதப்பட்டதா, முடிவு அறிவிக்கப்பட்டதா? மூன்றும் நடந்திருந்தால் அது ஆட்டம்.

ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கில் சேர்ந்தது. பெண்கள் கபடி 2010இல் குவாங்சோவில்தான் சேர்ந்தது. இருபது ஆண்டு காத்திருக்க வைத்தார்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் இந்தியாவின் நூறாவது பதக்கமாக அமைந்தது பெண்கள் கபடி அணி சீன தைபேயை 26–25 என்று வென்று எடுத்த தங்கம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். இவற்றையெல்லாம் மலர்க் குழுவிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் இதைவிட வலுவான வேலை ஒன்று இருக்கிறது. நான்கு ஆண்டிலும் உங்களோடு ஆடியவர்களின் பெயர், அப்போது படித்த வகுப்பு, எந்த இடத்தில் நின்று ஆடினார்கள், ஆட்டத்தின் முடிவு ஆகியவற்றை நீங்களே ஒரு நோட்டில் எழுதி, எழுதிய தேதியையும் போட்டுக் குழுவிடம் கொடுங்கள். திருமணமாகி வேறு ஊர் போனவர்களுக்கு அலைபேசியில் பேசிக் கேளுங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியையிடம் கேளுங்கள். தகவல் இல்லை என்று சொல்லி ஒதுக்குவதற்கு அப்புறம் இடமிருக்காது. மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பெண்கள் ஆட்டத்தைத் தனிப்பெட்டியில் ஒதுக்காமல் அந்தந்த ஆண்டின் பக்கத்திலேயே ஆண்கள் ஆட்டத்தை அடுத்து அச்சிடுங்கள்.

கேள்வி: வெளியூர் ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இறக்கித்தான் சில ஊர்கள் கோப்பையை வாங்கின. அதை மலரில் எழுதலாமா? எழுதினால் சண்டை வரும் என்கிறார்கள்.
– வாசகர், பேரையூர்

பதில்: எழுதுங்கள், குற்றப்பத்திரிகையாக எழுதாதீர்கள். உங்கள் லீக்கின் விதி அந்த ஆண்டில் என்ன என்பதுதான் முக்கியம். ஊர்க்காரர் மட்டும் ஆட வேண்டும் என்று விதி இருந்ததா, மூன்று வெளியூர்க்காரர் வரை என்று இருந்ததா, விதியே இல்லையா என்பதை முதலில் எழுதுங்கள். பின் ஒவ்வோர் அணியிலும் ஆடியவர்களின் ஊரை அவரவர் பெயருக்கு எதிரே போடுங்கள். வேறெந்தக் கருத்தும் தேவையில்லை.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். கல்லூரி, காவல்துறை, ரயில்வே அணிகளுக்கு ஆடும் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் வந்து ஆடினால், அவனோடு மோதும் உள்ளூர்ப் பையன் ஒரே இரவில் கற்றுக்கொள்வது ஏராளம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஏழில் ஐந்து பேர் வெளியூர் என்றானால், ஆண்டு முழுவதும் மாலையில் பழகிய பையன்கள் மேட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குத் தகுதியான போட்டிகளை எட்ட மாவட்ட, மாநில அணிகளுக்குப் போக வேண்டும். அங்கே போவதற்கான முதல் படி ஊர் அணியில் ஆடக் கிடைக்கும் வாய்ப்புத்தான். அந்த வாய்ப்பு எந்த ஆண்டில் விரிந்தது, எந்த ஆண்டில் சுருங்கியது என்பதை ஊர்ப்பெயர்களின் பட்டியலே காட்டிவிடும்.

கேள்வி: எங்கள் லீக்கில் ஓர் ஆண்டு அனுமதி கிடைக்காமல் ஆட்டம் நின்றது. இன்னோர் ஆண்டு ஒரு பையனுக்குக் கழுத்தில் அடிபட்டது. இவற்றை மலரில் சேர்த்தால் லீக்குக்குக் கெட்ட பெயர் வராதா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: வராது, சேர்க்காமல் விட்டால்தான், இனி நடத்தப்போகிறவர்களுக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாமல் போகும். 2022 சூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே ஆட்டத்தின் நடுவிலேயே ஓர் இளைஞர் உயிரிழந்தார். பாடிப் போனவர் பிடிபட்டு விழுந்து எழாமல் கிடந்த அந்தக் காட்சியைத் தமிழ்நாடே அலைபேசியில் பார்த்தது. கபடி நடத்துகிற எவரும் அதை மறக்கக்கூடாது. ஆம்புலன்ஸும் முதலுதவி தெரிந்தவரும் களத்தருகே இருந்தால்தான் முதல் விசில் என்ற விதியை உங்கள் லீக் எப்போது கொண்டுவந்தது என்பது, எந்த அணி எந்த ஆண்டு வென்றது என்பதைவிட முக்கியமான செய்தி. அந்தப் பையனின் பெயரை அவனையும் அவன் வீட்டாரையும் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். நடந்ததையும் அதன்பின் நீங்கள் மாற்றியதையும் கட்டாயம் எழுதுங்கள்.

அனுமதி விவகாரத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காவல்துறை அனுமதி மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவது இந்தப் பத்தாண்டில் தென்மாவட்டக் கிராமங்களுக்கு வழக்கமான ஒன்றாகிவிட்டது. சாதியையோ அரசியல் தலைவர்களையோ காட்டும் பனியன் கூடாது, அத்தகைய பேனர்கள் கூடாது, மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு நீதிமன்றம் அனுமதி கொடுத்து வந்திருக்கிறது. அந்த நிபந்தனைகளின் தாக்கத்தை உங்கள் பழைய படங்களிலேயே பார்க்கலாம். முதல் சில ஆண்டுகளில் பனியனில் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது என்று ஒப்பிடுங்கள். வரலாறு எழுதுகிறவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலிலும் நீதிமன்ற உத்தரவிலும் நாள், இடம், நேரம், ஆடும் அணிகளின் எண்ணிக்கை எல்லாம் முத்திரையோடு இருக்கும். துண்டறிக்கையில் இல்லாத ஆண்டும் அங்கே இருக்கும். வழக்கு நடத்திய வழக்கறிஞரிடம் கோப்பு இன்னும் இருக்கக்கூடும், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மலர் அச்சானபின் இந்தத் தாள்களையெல்லாம் என்ன செய்வது? செயலாளர் வீட்டுப் பரணில்தான் இதுவரை கிடந்தன.
– முதல் கேள்வி கேட்ட மேலூர் வாசகரே

பதில்: பரண் கூடாது. கரையானும் மழை ஒழுகலும் ஒருபுறமிருக்க, செயலாளர் மாறினால் தாளும் போய்விடும். கடைகளில் கொடுக்கும் வெப்ப அச்சு ரசீதுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும்; மைக் செட், விளக்கு, மேட் வாடகை ரசீதுகள் அத்தகையவையாக இருந்தால் இந்த வாரமே ஒளிநகல் எடுங்கள். துண்டறிக்கைகளையும் ஸ்கோர் தாள்களையும் அலைபேசியில் படம் எடுக்கும்போது மேலிருந்து நேராக, பகல் வெளிச்சத்தில், ஒரு தாளுக்கு ஒரு படமாக எடுத்து, கோப்பின் பெயரில் ஆண்டையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை நம்ப வேண்டாம். அனுப்பும்போது அவை சுருங்கிவிடும், எழுத்து மங்கிவிடும். மூலப் படங்களை இரண்டு பென் டிரைவில் ஏற்றி வேறு வேறு ஊர்களில் இரண்டு பேரிடம் கொடுத்துவையுங்கள்.

மூலத் தாள்களை அமிலமில்லாத உறையில் போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் தடித்த பழுப்புக் காகித உறையே போதும், பிளாஸ்டிக் உறை வேண்டாம், கம்பி ஊசி குத்த வேண்டாம். மலரின் படிகளில் ஒன்றை உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்துக்கும், ஒன்றை 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் கடிதத்தோடு அனுப்புங்கள். லீக்கில் ஆடிய ஒவ்வோர் ஊருக்கும், இடையில் விலகிய ஊர்கள் உட்பட, ஒரு படி தவறாமல் போய்ச்சேரட்டும். விலகிய ஊர்களுக்குப் படியை அஞ்சலில் அனுப்பாமல் யாராவது நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கேயும் பழைய படங்கள் இருக்கும்.